டேலியுடன் சொந்த நிரலை இணைத்தல்: ஓடிபிசி இணைப்புப் பிழைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி தட்டாஞ்சாவடியிலோ கடலூர் சிப்காட்டிலோ ஒரு நடுத்தர நிறுவனத்துக்குள் போனால் கணக்கு டேலியில் இருக்கும். பில் போடவும் குடோன் இருப்பைப் பார்க்கவும் யாரோ எழுதிக்கொடுத்த வேறொரு நிரல் ஓடும். இரண்டையும் இணைத்துவிட்டால் ஒரே பில்லை இரண்டு தடவை அடிக்கும் வேலை மிச்சம். பார்ட்டி பாக்கி முதலாளியின் கைபேசியிலேயே தெரிந்துவிடும். இணைப்பதற்கு வழக்கமான வழி ஓடிபிசி, அதாவது ஒரு நிரல் இன்னொரு மென்பொருளின் தரவைக் கேட்டுப் படிக்க உதவும் பொதுவான முறை. இணைக்கும் நிரல் பத்துப் பன்னிரண்டு வரிதான். அந்த வரிகள் முரண்டு பிடிக்கும்போதுதான் நாள் கணக்கில் நேரம் போகிறது. பெரும்பாலும் தப்பே இல்லாத நிரலைத் திருத்தித் திருத்தியே போகிறது.

ஆகவே முதல் விதி: பிழை வந்தால் நிரலைத் தொடாதீர்கள். டேலி பதில் சொல்கிறதா, டிரைவரும் (நிரலை டேலியோடு பேச வைக்கும் இணைப்புக் கோப்பு) நிரலும் ஒரே பிட் அளவில், அதாவது இரண்டும் 32 அல்லது இரண்டும் 64 என்று, இருக்கின்றனவா, டிஎஸ்என் பெயர் (இணைப்பு விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் பெயர்) அந்த நிரலின் கண்ணுக்குத் தெரிகிறதா, இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்த்துவிட்டு நிரலுக்கு வாருங்கள்.

இங்கே விண்டோஸ் 10 அல்லது 11, டேலிபிரைம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். மெனுக்களும் கட்டளைகளும் உச்சரிப்புப்படி தரப்பட்டுள்ளன; கணினியில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

டேலி பதில் சொல்கிறதா

டேலியில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், அதற்குள் கனெக்டிவிட்டி. கிளையன்ட்/சர்வர் அமைப்பில் மூன்று விஷயங்கள் இருக்கும். டேலி எதுவாகச் செயல்படுகிறது என்ற இடத்தில் ‘போத்’ (கிளையன்ட், சர்வர் இரண்டுமாக), எனேபிள் ஓடிபிசி ‘யெஸ்’, போர்ட் (டேலி கோரிக்கைகளை வாங்கும் வாசல் எண்) 9000. மாற்றினால் டேலியை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் டேலி ஈஆர்பி 9 வைத்திருப்பவர்களுக்கு இதே அமைப்பு எஃப்12 கான்ஃபிகரில் அட்வான்ஸ்டு கான்ஃபிகரேஷனுக்குள் கிடைக்கும்.

பிறகு கம்பெனியைத் திறந்து வையுங்கள். சாதாரணத் தரவுத்தள சர்வர் பின்னணியில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், டேலி அப்படியல்ல. திரையில் டேலி திறந்திருக்க வேண்டும், உள்ளே கம்பெனியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அக்கவுண்டன்ட் சாயங்காலம் டேலியை மூடிவிட்டுப் போனால் இரவு ஓட வேண்டிய இணைப்பும் அதோடு போச்சு.

அதே கணினியில் உலாவியைத் திறந்து முகவரிப் பட்டையில் 127.0.0.1:9000 என்று அடியுங்கள் (127.0.0.1 என்றால் இதே கணினி). ‘டேலிபிரைம் சர்வர் இஸ் ரன்னிங்’ என்ற ஒரு வரி வந்தால் டேலி பக்கம் சரி. வராவிட்டால் எப்படி வரவில்லை என்று கவனியுங்கள்.

உடனடியாக ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வந்தால் அந்தப் போர்ட்டில் யாருமே இல்லை. அமைப்பு மாறவில்லை அல்லது டேலி மறுதொடக்கம் ஆகவில்லை. வேறு ஏதோ பக்கம் வந்தாலோ, வெறுமையாக நின்றாலோ, 9000-ஐ இன்னொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது. நிரலாளரின் மடிக்கணினியில் இது சகஜம்: பிஎச்பி-எஃப்பிஎம், சோனார்க்யூப் போன்ற நிரலாளர் கருவிகளுக்கும் வழக்கமான போர்ட் 9000-தான். கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று விருப்பங்களோடு ஓட்டினால் 9000-க்கு நேரே கடைசிப் பத்தியில் ஒரு எண் வரும். டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பகுதியில் அந்த எண்ணைத் தேடினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். சில சமயம் அது டேலியேதான்: இரண்டாவது டேலி சாளரம் திறந்திருக்கும், முதலாவது போர்ட்டை விடாது. ஒரே சர்வரில் நாலு பேர் ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி ஓட்டும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் தனிப் போர்ட் கொடுங்கள்: 9000, 9001, 9002 என்று.

உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் வரவில்லை, 127.0.0.1 அடித்தால் வருகிறது என்றால், அந்தப் பெயர் ஐபிவி6 என்ற புதுவகை முகவரிக்குப் போகிறது. நிரலிலும் எண் முகவரியையே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. உலாவி சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதிலும் இல்லை மறுப்பும் இல்லை என்றால் டேலி திரையைப் போய்ப் பாருங்கள். ஏதாவது எச்சரிக்கைப் பெட்டி ‘யெஸ் ஆர் நோ’ கேட்டு நின்றுகொண்டிருக்கும், அல்லது பெரிய அறிக்கை ஒன்று அச்சாகிக்கொண்டிருக்கும். கையில் ஒரு வேலை இருக்கும்போது டேலி வெளியிலிருந்து வரும் கோரிக்கையைக் காக்க வைத்துவிடும். நிரலில் ‘டைம்அவுட்’ பிழை விட்டுவிட்டு வருகிறது, காரணம் தெரியவில்லை என்று சொல்லும் இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

32 பிட், 64 பிட்: அதிகம் பேர் விழும் குழி

ஓடிபிசி டிரைவர் என்பது தனியாக ஓடும் மென்பொருள் அல்ல. உங்கள் நிரல் ஓடும்போது அதன் உள்ளேயே ஏற்றப்படும் ஒரு டிஎல்எல் கோப்பு. 64 பிட் நிரலுக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறாது; மறுதலையாகவும் ஏறாது. டேலி எந்தப் பிட் என்பது இணைப்புக்கு நேரடியாக முக்கியமில்லை, ஏனென்றால் டிரைவர் டேலியோடு பேசுவது போர்ட் வழியாக. ஆனால் நிறுவும்போது எந்த டிரைவர் வந்து இறங்கும் என்பதை டேலியின் பிட் அளவுதான் முடிவு செய்கிறது. குழப்பம் ஆரம்பிக்கும் இடம் இதுவே.

பொருந்தாவிட்டால் வரும் பிழைக் குறியீடு ஐஎம்014. செய்தியில் ‘ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்’ என்று இருக்கும். இது நேர்மையான பிழை, காரணத்தை அதுவே சொல்லிவிடுகிறது. அதே கோளாறு சில வேளை ஐஎம்002 என்றும் முகம் காட்டும்: ‘டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்’. பெயரைச் சரியாகத்தானே எழுதியிருக்கிறோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வைப்பது இரண்டாவதுதான்.

விண்டோஸில் ஓடிபிசி நிர்வாகக் கருவி இரண்டு உண்டு. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர், ஓடிபிசிஏடி32. சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பது 64 பிட் கருவி. சிஸ்வாவ்64 கோப்புறையில் இருப்பது 32 பிட் கருவி. எண்ணைப் பார்த்து முடிவு செய்தால் தலைகீழாகப் போகும். விண்டோஸ் 10-லும் 11-லும் ஸ்டார்ட் மெனுவில் ‘ஓடிபிசி’ என்று தேடினால் சாளரத் தலைப்பிலேயே 32-பிட், 64-பிட் என்று எழுதியிருக்கும், அந்த வழியே போவது நல்லது. ஒவ்வொன்றிலும் டிரைவர்ஸ் பகுதியைத் திறந்து, எதில் ‘டேலி ஓடிபிசி டிரைவர்’ அல்லது ‘டேலி ஓடிபிசி டிரைவர்64’ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலுமே இல்லையென்றால் டிரைவர் பதிவாகவில்லை. டேலி நிறுவியை நிர்வாகி உரிமையோடு மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து உங்கள் நிரல் எத்தனை பிட் என்று பாருங்கள். எந்த மொழியாக இருந்தாலும் பொதுவான வழி: நிரலை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பகுதியில் பத்தித் தலைப்பில் வலது சொடுக்கி ‘பிளாட்ஃபார்ம்’ என்ற பத்தியைச் சேருங்கள். 32 பிட், 64 பிட் என்று நேரடியாகக் காட்டும். பைத்தானைத் திறந்தவுடன் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் பிட் அளவு வரும். அந்த வரியின் கடைசியில் ‘வின்32’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், 64 பிட் பைத்தானிலும் அப்படித்தான் இருக்கும். டாட்நெட் ஃப்ரேம்வொர்க் திட்டங்களில் ‘எனி சிபியு’ தேர்ந்தெடுத்திருந்தாலும் பக்கத்தில் ‘பிரிஃபர் 32-பிட்’ டிக் ஆகியிருந்தால் 32-ஆகத்தான் ஓடும். ஐஐஎஸ் என்ற விண்டோஸ் இணைய சர்வரில் ஏற்றிய இணையதளமானால் அப்ளிகேஷன் பூலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘எனேபிள் 32-பிட் அப்ளிகேஷன்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதிய பழைய பில்லிங் நிரல் என்றால் பார்க்கவே வேண்டாம், அது எப்போதும் 32.

டிரைவர் 64, நிரல் 32 என்று அமைந்துவிட்டால் இரண்டு வழி. மூல நிரல் கையில் இருந்தால் 64 பிட்டாக மறுபடி உருவாக்குங்கள். விபி6 போல மாற்றவே முடியாததாக இருந்தால் ஓடிபிசியை விட்டுவிட்டு, கீழே சொல்லப்போகும் எக்ஸ்எம்எல் (தரவைக் குறிகளுக்குள் எழுதி அனுப்பும் முறை) வழிக்குப் போங்கள். அதற்கு டிரைவரே தேவையில்லை. இணையத்தில் எங்கிருந்தோ டிஎல்எல் கோப்பைப் பதிவிறக்கி சிஸ்டம்32-இல் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

டிஎஸ்என் பெயர் யாருக்குத் தெரிகிறது

ஓடிபிசி இயக்கப்பட்ட நிலையில் டேலி தொடங்கும்போது டிஎஸ்என்னையும் அதுவே உருவாக்கிக்கொள்கிறது. 64 பிட்டில் பெயர் டேலிஓடிபிசி64_9000. 32 பிட்டில் 64 என்ற எண் இல்லாமல் டேலிஓடிபிசி_9000. வாலில் இருப்பது போர்ட் எண். போர்ட்டை 9001 ஆக்கிவிட்டு நிரலில் பழைய பெயரையே வைத்திருந்தால் ஐஎம்002 வரும். பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறும்போது அந்த ‘64’ புதிதாக முளைத்திருப்பதையும் பலர் கவனிப்பதில்லை.

பெயரை நினைவிலிருந்து அடிக்காமல் ஓடிபிசி நிர்வாகியைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். அல்லது நிரலையே கேளுங்கள்: பைத்தானின் பைஓடிபிசி நூலகத்தில் டேட்டாசோர்சஸ், டிரைவர்ஸ் என்று இரண்டு செயற்கூறுகள் உண்டு. அந்த நிரலுக்குக் கண்ணில் படுவதை மட்டும்தான் அவை காட்டும், அதனால்தான் அவற்றை நம்பலாம்.

உங்கள் கையால் ஓட்டினால் ஓடுகிறது, டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் ஓடவில்லை என்றால் காரணம் பயனர் கணக்கு. யூசர் டிஎஸ்என் என்பது அந்த விண்டோஸ் பயனருக்கு மட்டும் சொந்தம். சர்வீஸாகவோ ஐஐஎஸ் வழியாகவோ ஓடும் நிரல் வேறு கணக்கில் ஓடுவதால் அதற்கு அது தெரியாது. சிஸ்டம் டிஎஸ்என் ஆக உருவாக்குங்கள், அல்லது டிஎஸ்என்னே இல்லாமல் இணைப்பு வரியில் டிரைவர் பெயர், சர்வர், போர்ட் மூன்றையும் நேரடியாகக் கொடுங்கள். டிரைவர் பெயரை நெளிவு அடைப்புக்குள், டிரைவர்ஸ் பட்டியலில் உள்ளபடி இடைவெளி மாறாமல் எழுத வேண்டும்.

எக்செல்லில் ஒரு தடவை சோதிப்பது நல்லது: டேட்டா, கெட் டேட்டா, அதர் சோர்சஸ், ஓடிபிசி என்று போய் டிஎஸ்என்னைத் தேர்ந்தெடுங்கள். எக்செல்லில் வந்து நிரலில் வரவில்லையென்றால் கோளாறு உங்கள் பக்கம். ஆனால் எக்செல்லும் உங்கள் நிரலும் ஒரே பிட்டாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். எக்செல்லில் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் என்று போனால் தெரியும்.

இணைந்துவிட்டது, தரவு தப்பாக வருகிறது

டேலியின் புலப்பெயர்களுக்கு முன்னால் $ குறி வேண்டும்: $நேம், $பேரன்ட், $குளோசிங்பேலன்ஸ் என்று. அது இல்லாமல் கேட்டால் புலம் இல்லை என்று திரும்பும். அட்டவணைப் பெயர் லெட்ஜர், ஸ்டாக்ஐட்டம் போல. எல்லாப் புலத்தையும் கொண்டுவா என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கில் லெட்ஜர் உள்ள கம்பெனியில் அக்கவுண்டன்ட்டின் திரை உறைந்துவிடும், பிறகு இணைப்பையே எடுக்கச் சொல்வார்.

வவுச்சர்களை (பில், ரசீது போன்ற தனித்தனிப் பதிவுகள்) தேடினால் ஓடிபிசி பட்டியலில் இயல்பாகக் கிடைக்காது. டேலியின் சொந்த நிரல்மொழியான டிடிஎல்லில் ‘இஸ் ஓடிபிசி டேபிள்’ என்று குறிக்கப்பட்ட தொகுப்புகள் மட்டுமே வெளியே தெரியும். டிடிஎல் தெரிந்தவர் இருந்தால் பத்து வரியில் ஒரு தொகுப்பை எழுதிச் சேர்த்துவிடலாம்.

அடுத்தது, பிழையே காட்டாமல் தப்பான எண்ணைக் கொடுக்கும் வகை. பற்று இருப்பு எதிர்மறை எண்ணாக வரும். பார்ட்டி ஒருவர் 48,500 ரூபாய் தர வேண்டியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது -48500. அதை ‘நாம் அவருக்குத் தர வேண்டியது’ என்று காட்டிவிட்டால் மறுநாள் சண்டைதான். இருப்பு எந்தத் தேதிக்கு என்பது டேலியில் அப்போது இருக்கும் காலவரம்பைப் பொறுத்தது. யாராவது ஆல்ட்+எஃப்2 அழுத்திப் போன வருஷத்துக்குப் போயிருந்தால் போன வருஷ இருப்புதான் வரும். இரண்டு கம்பெனி ஏற்றியிருந்தால் அப்போது தேர்வில் இருக்கும் கம்பெனிதான் பதில் சொல்லும். கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று இரண்டு ஜிஎஸ்டி பதிவுக்கு இரண்டு கம்பெனி வைத்திருப்பவர்கள் இந்த ஊர்ப்பக்கம் நிறைய. அவர்களுக்கு ஓடிபிசியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எக்ஸ்எம்எல் கோரிக்கையில் எஸ்விகரன்ட்கம்பெனி என்ற மாறியில் கம்பெனிப் பெயரையும், எஸ்விஃப்ரம்டேட், எஸ்விடூடேட் இரண்டிலும் தேதிகளையும் நிரலே சொல்லிவிடலாம். யார் எந்தத் திரையில் இருந்தாலும் கேட்டதுதான் வரும்.

டேலிக்குள் எழுத: எக்ஸ்எம்எல்

ஓடிபிசி படிக்க மட்டும். பில்லை டேலிக்குள் ஏற்ற, அதே 9000 போர்ட்டுக்கு எச்டிடிபி போஸ்ட் முறையில் எக்ஸ்எம்எல் அனுப்ப வேண்டும்.

எச்டிடிபி 200 வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. வவுச்சர் ஏறாவிட்டாலும் 200 வரும். பதிலுக்குள் கிரியேட்டட், ஆல்டர்டு, எரர்ஸ் என்று எண்ணிக்கைகள் இருக்கும். தோல்விக்குக் காரணம் லைன்எரர் என்ற குறிக்குள் இருக்கும். கிரியேட்டட் 1 என்று பார்த்த பிறகே உங்கள் தரவுத்தளத்தில் அந்தப் பில்லுக்கு ‘அனுப்பியாயிற்று’ என்று குறியுங்கள். டைம்அவுட் ஆனால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். முதல் தடவையே ஏறியிருக்கக்கூடும். பில் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஒரே பில் இரண்டாக நிற்கும்.

லெட்ஜர் இல்லை என்று லைன்எரர் வந்தால் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும். பார்ட்டி பெயரில் & குறி இருந்தால் எக்ஸ்எம்எல் விதிப்படி அதை மாற்றி எழுத வேண்டும், நூலகம் வழியாக உருவாக்கினால் தானே மாறிவிடும்; சரங்களை ஒட்டி எழுதியவர்கள்தான் இங்கே மாட்டுகிறார்கள். பண்ருட்டி முந்திரி வியாபாரிகளின் லெட்ஜரில் தமிழ்ப் பெயர்கள் இருந்து அவை கேள்விக்குறிகளாக வந்தால், குறியாக்கம் பொருந்தவில்லை: யூடிஎஃப்-8 அல்லது யூடிஎஃப்-16, எதை அனுப்புகிறீர்களோ அதையே தலைப்பிலும் குறிப்பிடுங்கள். டேலி அனுப்பும் பதிலைப் படிக்கும்போது உங்கள் எக்ஸ்எம்எல் நூலகம் ‘செல்லாத எழுத்து’ என்று விழுந்தால், உள்ளே &#4; என்ற துண்டு இருக்கும். டேலி தன் உள்பெயர்களுக்கு முன் அதைச் சேர்க்கும். அலசுவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.

தேதி எட்டு இலக்கம், 20250401 என்பது போல வருடம் முதலில். எஜுகேஷன் (உரிமம் இல்லாத) முறையில் ஓடும் டேலியில் சோதித்தால் மாதத்தின் 1, 2, 31 தேதிகள் மட்டுமே ஏற்கப்படும். நடுத்தேதியில் அனுப்பிவிட்டு நிரலைக் குறை சொல்ல வேண்டாம்.

பற்றுத் தொகை எதிர்மறை, ‘இஸ் டீம்டு பாசிட்டிவ்’ யெஸ். வரவு நேர்மறை, நோ. எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒரு பைசா இடித்தாலும் ‘வவுச்சர் டோட்டல்ஸ் டு நாட் மேட்ச்’. அந்த ஒரு பைசா எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: 1,000.50 ரூபாய்க்கு 5 சதவீதம் ஐஜிஎஸ்டி 50.025, முழுமையாக்கினால் 50.03. அதையே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்தால் தலா 25.0125, அதாவது 25.01, கூட்டினால் 50.02. மொத்தத்தை ஒரு வழியிலும் வரியை இன்னொரு வழியிலும் கணக்கிட்டால் இடிக்கும். வரிகளைத் தனித்தனியே முழுமையாக்கி, அவற்றைக் கூட்டியே மொத்தத்தை எடுங்கள். பணத்துக்கு மிதவைப்புள்ளி எண்ணைப் பயன்படுத்தாமல் டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள்.

எந்த வரி என்பதை ஊர் பக்கமா தூரமா என்று பார்த்து முடிவு செய்யாமல், விற்பவரின் மாநிலமும் சரக்கு போய்ச் சேரும் மாநிலமும் ஒன்றா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மாநிலக் குறியீடு ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம். தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. புதுச்சேரியிலிருந்து பக்கத்திலிருக்கும் கடலூருக்குச் சரக்கு போனால் மாநிலம் கடந்தது, ஐஜிஎஸ்டி. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் காரைக்காலுக்குப் போனால் உள்ளேயே, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். மாநிலப் பெயரை டேலியின் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே அனுப்புங்கள். பழைய பெயரில் அனுப்பினால் பொருந்தாது.

டேலி ஒரு கணினியில், நிரல் இன்னொன்றில்

டேலி கணினிக்கு நிலையான ஐபி கொடுங்கள். ரவுட்டரில் முகவரி ஒதுக்கி வைத்தாலும் போதும். மின்வெட்டுக்குப் பிறகு இணைப்பு வரவில்லை என்ற புகார்களுக்கு மாறிப்போன ஐபிதான் வழக்கமான காரணம். விண்டோஸ் ஃபயர்வாலில் இன்பவுண்ட் ரூல், போர்ட், டிசிபி 9000, அனுமதி, பிரைவேட் மட்டும். அதன் ஸ்கோப் பகுதியில் நிரல் ஓடும் கணினியின் ஐபியை மட்டும் சேருங்கள். வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் இந்த விதி செயல்படாது, அதையும் பாருங்கள்.

பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையை ஐபியும் போர்ட்டும் கொடுத்து ஓட்டுங்கள். தோல்வியில் ஒரு துப்பு உண்டு: சட்டென்று மறுத்தால் கணினி வரை போய்விட்டது, டேலி கேட்கவில்லை, நெடுநேரம் காத்திருந்து தோற்றால் ஃபயர்வாலோ ஆன்டிவைரஸோ விழுங்குகிறது.

இரண்டு ஊர்க் கிளைகளை இணைக்க ரவுட்டரில் 9000-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அந்தப் போர்ட்டில் கடவுச்சொல் கேட்கும் பூட்டு கிடையாது. முகவரி தெரிந்த எவரும் கணக்கைப் படிக்கலாம், பில்லும் ஏற்றலாம். விபிஎன் (கிளைகளுக்கு நடுவே பூட்டிய தனிப் பாதை) போடுங்கள்.

டேலி அல்லாத மென்பொருள்

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் மேல் ஓடும் கணக்கு மென்பொருளானால் டிசிபி/ஐபி முடக்கப்பட்டே நிறுவப்படும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் இயக்கி, 1433 என்று நிலையான போர்ட் கொடுத்து, சர்வீஸை மறுதொடக்கம் செய்யுங்கள். இன்ஸ்டன்ஸ் பெயரால் இணைப்பதானால் எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸும் யுடிபி 1434-உம் வேண்டும். ஓடிபிசி டிரைவர் 17-லிருந்து 18-க்கு மாறியதும் சான்றிதழ் பிழை வந்தால், 18-இல் குறியாக்கம் இயல்பாகவே கட்டாயம் என்பதுதான் காரணம். உள் வலையில் ‘ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்’ யெஸ் கொடுக்கலாம். பிழை 18456 என்றால் கடவுச்சொல் அல்லது உரிமை, இணைப்பு சரி. இந்த மென்பொருள்களின் அட்டவணைகளில் நேரடியாக எழுதாதீர்கள், படிக்க மட்டும் உரிமையுள்ள பயனரை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

எதற்கும் பிடிபடாவிட்டால்

ஓடிபிசி நிர்வாகியில் டிரேசிங் பகுதி உண்டு. இயக்கிவிட்டு, பிழையை ஒரே ஒரு தடவை வரவழைத்து, உடனே நிறுத்துங்கள். மறந்துவிட்டால் பதிவுக் கோப்பு வீங்கி நிரலே மந்தமாகிவிடும். கோப்பின் கடைசியிலிருந்து மேலே படியுங்கள். முதலில் தென்படும் ஐந்து எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள்: 08 என்று தொடங்கினால் இணைப்பு, 28 என்றால் பயனர், 42 என்றால் கேள்வியின் இலக்கணமோ பெயரோ, ஐஎம் என்றால் டிரைவர் நிர்வாகி. யாரிடமாவது உதவி கேட்பதானால் அந்தக் குறியீடு, நிரலின் பிட், டிரைவரின் பெயரும் பதிப்பும், டேலியின் ரிலீஸ் எண், உலாவியில் 127.0.0.1:9000 என்ன சொன்னது, இந்த ஐந்தையும் சேர்த்து அனுப்புங்கள். ‘கனெக்ட் ஆகல சார்’ என்று மட்டும் எழுதினால் எதிர்முனையில் இருப்பவர் முதலில் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.